மூன்று பூட்டுப் பெட்டி: வங்கி தொடங்கப் போன ஒரு கிறிஸ்தவக் குழு

என் இடம்

வளரும் நாடு ஒன்றில் ஏழைகளுக்கு வங்கிகள் தொடங்க வேண்டும் என்று ஒரு கிறிஸ்தவக் குழு போனது. நாலரை ஆண்டு கழிந்தபோது அவர்கள் பெயரில் அங்கே ஒரு வங்கியும் இல்லை. அந்த நாலரை ஆண்டில் நடந்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். நான் வங்கித் தணிக்கையில் வேலை பார்த்தவன். குழுவின் கணக்கு ஆலோசகனாகக் கூடவே இருந்தேன், ஆகவே கீழே வரும் தவறுகளில் சில என்னுடையவை. நாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதில் வரும் ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், சிலர் சபைப் பொறுப்பிலும் இருக்கிறார்கள்.

பின்னணி

குழுவில் ஏழு பேர். ஐந்து பேர் வசதியான நாட்டுக்காரர்கள், இரண்டு பேர் அந்த நாட்டுக்காரர்கள். இருவருக்கு வங்கி அனுபவம் உண்டு. அதில் ஒருவர் வீட்டுக்கடன் பிரிவு, இன்னொருவர் கிளை மேலாளர். மற்றவர்களில் ஒரு போதகர், ஒரு பொறியாளர், ஒரு ஆசிரியை. இவர்களை அனுப்பிய சபைகள் அதே வட்டாரத்தில் பல ஆண்டாகக் கிணறு தோண்டியிருக்கின்றன, மருந்தகம் நடத்தியிருக்கின்றன, பள்ளிக்குக் கூரை போட்டிருக்கின்றன. ஒவ்வொரு முறை போகும்போதும் அதே குடும்பங்கள் அதே நிலையில் இருந்தன. உதவி கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன இடத்தில்தான் வங்கி என்ற யோசனை பிறந்தது.

முன்னுதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஜெர்மனியில் ரைஃபைசன் தம் கிறிஸ்தவ நம்பிக்கையால் உந்தப்பட்டுத்தான் கிராமக் கடன் சங்கங்களைத் தொடங்கினார். 1971-ல் தொடங்கிய ஆப்பர்சூனிட்டி இன்டர்நேஷனல் கிறிஸ்தவப் பின்னணியில் வளர்ந்து பல நாடுகளில் நுண்கடன் கொடுத்தது. வங்காளதேசத்தில் 1976-ல் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கிய முயற்சி 1983-ல் கிராமின் வங்கி ஆனது. பொலிவியாவில் ப்ரோடெம் என்ற தொண்டு நிறுவனத்திலிருந்து 1992-ல் பேங்கோசோல் பிறந்தது. குழுவின் திட்ட அறிக்கையில் இவை எல்லாம் இருந்தன.

ஆனால் ரைஃபைசன் கதையில் ஒரு பாதிதான் அறிக்கையில் வந்தது. ஹெடெஸ்டோர்ஃபில் அவர் 1854-ல் முதலில் தொடங்கியது, வசதியானவர்கள் பணம் போட்டு ஏழைகளுக்கு உதவும் தர்ம சங்கம். அது ஓடவில்லை. பத்தாண்டு பார்த்துவிட்டு, 1864-ல் கடன் வாங்குகிறவர்களே உறுப்பினராகிப் பொறுப்பேற்கும் சங்கமாக அதை மாற்றினார். நம் குழு தொடங்கப் போனது அவருடைய 1854. எங்களுக்கு அது அப்போது தெரியவில்லை.

இன்னொன்றும் தொடக்கத்திலேயே பேசி முடித்திருக்க வேண்டும்: வங்கி யாருடையது? அனுப்பிய சபைகளுடையதா, உள்ளூர்ச் சபைகளுடையதா, கணக்கு வைத்திருப்பவர்களுடையதா? “ஆண்டவருடையது” என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் ஆமென் என்றார்கள், கூட்டம் அடுத்த பொருளுக்குப் போய்விட்டது.

முதல் பயணத்தில் கண்டது

மூன்று சிற்றூர்களைத் தேர்ந்தெடுத்து மூன்று வாரம் ஆட்களைச் சந்தித்தோம். கேள்வித்தாளில் முதல் கேள்வியே “கடன் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?” என்பது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் தாளும் பேனாவுமாக வந்து கடன் தந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? கிட்டத்தட்ட எல்லோரும் வேண்டும் என்றார்கள். கடனுக்குத் தேவை இருக்கிறது என்று அறிக்கையில் எழுதிக்கொண்டோம்.

இரண்டாவது ஊரில், சந்தையில் பழந்துணி விற்கும் ஒரு அம்மா பேச்சுவாக்கில் ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். உள்ளங்கை அளவு, ஓரங்கள் அழுக்கேறி மடிந்து போயிருந்தது. அதில் முப்பது கட்டம். தினமும் மாலையில் ஓர் ஆள் வருவார், அவரிடம் ஒரே அளவான தொகையைக் கொடுத்தால் ஒரு கட்டத்தில் கோடு போடுவார். முப்பது கட்டமும் நிரம்பியதும் இருபத்தொன்பது நாள் பணத்தைத் திருப்பித் தருவார், ஒரு நாள் பணம் அவருடைய கூலி.

குழுவின் குறிப்பேட்டில் இது “சுரண்டல்” என்ற தலைப்பில் ஏறியது. அன்றிரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேர்ந்துகொண்டே போகும் பணம் என்பதால் மாதத்தில் சராசரியாக அவர் கையில் இருப்பது பதினைந்து நாள் தொகை. அதற்கு ஒரு நாள் தொகை கூலி என்றால் மாதம் ஆறரை சதவீதத்துக்கு மேல், ஆண்டுக்கு ஏறக்குறைய 80 சதவீதம். சேமிப்பவருக்கு வட்டி வரவில்லை, சேமிப்பவர்தான் வட்டி கட்டுகிறார். அந்த அம்மா இதைத் தெரிந்தே செய்தார். வீட்டில் வைத்தால் உறவுக்காரர் கேட்பார், கணவர் எடுப்பார், நாமே செலவழித்துவிடுவோம், அந்த ஆளிடம் கொடுத்தால் மாதக் கடைசியில் மொத்தமாக வரும் என்றார். ஒருமுறை வேறொரு ஆள் அப்படி வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டாராம். அப்படியும் அட்டையை விடவில்லை.

ஆண்டுக்கு 80 சதவீதம் கொடுத்துச் சேமிக்கிற ஒருவருக்கு முதல் தேவை கடனா? இந்தக் கேள்வியை நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். கணக்கைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவிட்டுத் தூங்கப் போனேன்.

மைய வங்கியில்

அதே ஆண்டு இறுதியில் மைய வங்கியின் உரிமப் பிரிவைச் சந்தித்தோம். நிதானமான அதிகாரி. எங்கள் துண்டறிக்கையை வாங்கிப் பார்த்ததும் முதலில் சொன்னது, அதன் முகப்பில் உள்ள “வங்கி” என்ற சொல்லை நீக்கச் சொல்லித்தான். உரிமம் இல்லாமல் அந்தச் சொல்லைப் பெயரில் போடக்கூடாது. அது அந்த நாட்டு விசித்திரம் என்று எங்களில் சிலர் நினைத்தார்கள். உண்மையில் பாசல் குழு என்பது வங்கி மேற்பார்வையாளர்களின் சர்வதேச அமைப்பு, உலகம் முழுவதும் பின்பற்றப்படும் அதன் அடிப்படை நெறிகள் 29-ல் நான்காவது நெறியே அதைச் சொல்கிறது.

பிறகு அவர் கேட்டவை நாலு கேள்விகள். பங்குதாரர் யார்? பணம் எங்கிருந்து வருகிறது, அதற்குச் சான்று என்ன? மூன்றாம் ஆண்டில் நட்டம் வந்து மூலதனம் கரைந்தால் மறுபடி போடப்போவது யார்? இயக்குநர் குழுவில் தலைவரைப் பார்த்து “முடியாது” என்று சொல்லக்கூடியவர் யார்?

இரண்டாவது கேள்விக்கு ஓரளவு பதில் இருந்தது. காணிக்கையாக வந்த பணம்தான், ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் உண்டியலில் போட்டதற்கு ஆள்வாரியாகச் சான்று எப்படித் தருவது? மற்ற மூன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. மூன்றாவதில்தான் விஷயமே இருந்தது. நன்கொடையால் நிறுவிய வங்கிக்கு உண்மையான சொந்தக்காரன் கிடையாது. தன் பணம் போய்விடுமே என்று இரவில் விழித்திருக்க ஆள் இல்லை. கொடுத்த கடன் முதலான சொத்துகளை இடருக்கு ஏற்ப மதிப்பிட்டு, அதில் குறைந்தது 8 சதவீதம் சொந்த மூலதனம் இருக்க வேண்டும் என்பது 1988 முதல் பாசல் ஏற்பாட்டில் உள்ள அளவு. அந்த நாடு கேட்டது அதைவிட அதிகம். அது குறையும்போது மறுபடி காணிக்கை எடுத்து நிரப்புவோம் என்று ஒரு மேற்பார்வையாளரிடம் சொல்ல முடியாது.

குறைந்தபட்ச மூலதனத்தில் நாலில் ஒரு பங்குதான் எங்களிடம் இருந்தது. மீதியைக் கடனாகத் தருவதாக ஒரு கொடையாளர் முன்வந்தார், டாலரில். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் கடன் வாங்கும் மக்கள் திருப்புவது உள்ளூர்ப் பணத்தில். ஒரு டாலருக்கு 100 என்ற மதிப்பில் வாங்கியதை 125 ஆன பிறகு திருப்ப வேண்டியிருந்தால், மக்களிடம் 25 சதவீதம் வட்டி வாங்கியும் கையில் ஒரு காசு நிற்காது. கிளை மேலாளராக இருந்தவர் இதைப் பலகையில் எழுதிக் காட்டியதும் அந்த யோசனை கைவிடப்பட்டது. இந்த நாலரை ஆண்டில் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று, அரை மணி நேரத்தில் முடிந்தது.

வட்டி பற்றிய வாதம்

இது இரண்டு மாதம் ஓடியது, விளைவு சிறியது. யாத்திராகமம் 22-ம் லேவியராகமம் 25-ம் எளியவனிடம் வட்டி வாங்காதே என்கின்றன. மத்தேயு 25-ல் தாலந்து உவமையின் எஜமானோ பணத்தைக் காசுக்காரரிடம் போட்டு வட்டியோடு தந்திருக்கலாமே என்கிறார். இருபக்கமும் வசனம் இருந்தது.

பழைய வரலாறுதான் வாதத்தை முடித்தது. இத்தாலியின் பெரூஜாவில் 1462-ல் பிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளுக்காக அடகுக் கடன் நிலையம் திறந்தபோதும் இதே சண்டை. நடத்தும் செலவுக்கு ஏற்ற சிறு வட்டி தவறில்லை என்று 1515-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் ஏற்றது. நாங்களும் அங்கேயே வந்து சேர்ந்தோம். ஆனால் செலவுக்கு ஏற்ற வட்டி என்று கணக்கிட்டபோது அது யாரும் நினைத்ததைவிட அதிகம். சிறு கடனுக்கும் பெரிய கடனுக்கும் ஆள் செலவு ஏறக்குறைய ஒன்றுதானே. இதைக் கேட்டு ஆசிரியை குழுவிலிருந்து விலகினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

முன்னோட்டம்: மூன்று சபைகள் வழியாகக் கடன்

உரிமம் உடனே கிடைக்காது என்று தெரிந்தது. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்காமல் கடன் மட்டும் கொடுக்கும் அமைப்பாகப் பதிவு செய்ய அந்நாட்டுச் சட்டம் இடம் தந்தது. ஈராண்டு அப்படி நடத்திக் காட்டிவிட்டு உரிமம் கேட்கலாம் என்று முடிவானது. அந்த முடிவில் தவறில்லை. ப்ரோடெமும் அந்த வழியில்தான் வங்கியானது.

தவறு, யார் வழியாகக் கொடுத்தோம் என்பதில். மூன்று ஊரிலும் எங்களுக்குத் தெரிந்த, நம்பக்கூடிய ஆட்கள் சபை மூப்பர்கள். அவர்களையே கடன் அலுவலர்கள் ஆக்கினோம். ஐந்து ஐந்து பெண்களாகக் குழு, ஒருவருக்கு ஒருவர் ஜாமீன், வாரத் தவணை. ஜாமீன் நிற்பதைப் பற்றி நீதிமொழிகள் என்ன எச்சரிக்கிறது என்று ஒரு பாட்டி கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது, அவருக்குப் பதில் சொல்லப்படவில்லை.

முதல் சுற்று முழுதாகத் திரும்பியது. அனுப்பிய சபைகளுக்குப் போன செய்திமடலில் அந்த எண் பெரிதாக அச்சானது. இரண்டாம் சுற்றில் தவணை தள்ளிப்போகத் தொடங்கியது, மூன்றாம் சுற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிலுவை. காரணத்தை ஒரு மூப்பர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “தவணை கேட்டுப் போனால் ஞாயிறு ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள், ஐயா. கேட்காமல் இருந்தால் சபைக்கு வருகிறார்கள். எனக்கு எது முக்கியம்?” கடன் அலுவலர் என்று நாங்கள் கொடுத்த வேலை அவருடைய முதல் வேலைக்குக் குறுக்கே நின்றது. இன்னொரு பக்கம், சபைக்கு வராதவர்களுக்குக் கடன் கிடைக்காது என்ற பேச்சு ஊரில் பரவியிருந்தது. அப்படி விதி எதுவும் இல்லை. ஆனால் விண்ணப்பம் வாங்கும் இடம் சபைக் கட்டடம், வாங்குகிறவர் மூப்பர். விதி எழுதித்தான் வைக்க வேண்டுமா? ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களில் கடனுக்காக வந்தவர் யார் என்று போதகராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நுண்நிதித் துறையில் சூடான பணம், குளிர்ந்த பணம் என்பார்கள். அக்கம்பக்கத்தார் சேர்த்த பணம் சூடு, அதைத் திருப்பாமல் தெருவில் நடக்க முடியாது. வெளியிலிருந்து வந்த பணம் குளிர்ந்தது. எங்கள் பணம் கிணறும் மருந்தகமும் வந்த அதே திசையிலிருந்து வந்தது. கிணற்றுக்கு யாரும் தவணை கட்டியதில்லையே.

இரும்புப் பெட்டி

மூன்றாம் ஆண்டின் நடுவில் கணக்குச் சரிபார்க்கப் போயிருந்தேன். இரண்டாவது ஊரில் நிலுவைப் பட்டியலோடு கூடவே ஒரு பள்ளி நோட்டு மேசையில் இருந்தது. எங்கள் படிவங்களில் சேராதது. பிரித்தால் பெயர்கள், தேதிகள், தொகைகள். நீல மையில் வரவு, சில இடங்களில் சிவப்பில் பற்று. எங்களிடம் கடன் வாங்கியவர்களின் பெயர்கள் அல்ல அவை. முதல் பக்கத்தின் நாலாவது வரியில் பழந்துணிக் கடை அம்மாவின் பெயர்.

உள்ளூர்ப் போதகர் ஒளிக்கவில்லை. எட்டு மாதமாக மக்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொள்கிறார், கூலி வாங்குவதில்லை. அட்டைக்காரரைவிட பாஸ்டர் நம்பகமானவர் என்று அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்களாம். பணம் அவர் கட்டிலுக்கடியில் ஓர் இரும்புப் பெட்டியில் இருந்தது. ஒரு பூட்டு, ஒரு சாவி, சாவி அவர் கழுத்துக் கயிற்றில். எண்ணினோம். நோட்டில் உள்ள இருப்பில் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. அவர் எடுக்கவில்லை. பிரசவச் சிக்கலில் மருத்துவமனைக்குப் போன ஒரு பெண்ணுக்கும், சவ அடக்கத்துக்கு ஒரு குடும்பத்துக்கும் கொடுத்திருந்தார். நோட்டில் சிவப்பு மையில் எழுதியும் வைத்திருந்தார், ஆனால் யாருடைய பணத்திலிருந்து என்பது அதில் இல்லை.

அதுவரை எங்கள் அமைப்பின் பெயரில், எங்கள் பலகை மாட்டிய கட்டடத்தில், உரிமம் இல்லாமல் வைப்புத்தொகை வாங்கப்பட்டிருக்கிறது. அதைக் கடனாகவும் கொடுத்தாயிற்று. வங்கி என்றால் என்ன என்று சட்டப் புத்தகத்தில் தேடினால் இந்த இரண்டும்தான் வரும். எங்கள் கனவு நிறைவேறியிருந்தது, கட்டிலுக்கடியில்.

நான் அந்த ஊருக்கு அதற்கு முன் மூன்று முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கடன் பேரேட்டை வரிவரியாகப் பார்த்தேன். இரவில் ரொக்கம் எங்கே இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கிளைத் தணிக்கைக்குப் போனால் முதல் வேலையே கல்லாவை எண்ணுவது. ஊழியக்காரர் வீட்டில் அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

எடுத்த முடிவு

இரண்டு நாள் கூடிப் பேசினோம். ஒரு தரப்பு, பணத்தை நிரப்பிவிட்டு நோட்டைச் சத்தமில்லாமல் மூடிவிடலாம், உரிம விண்ணப்பம் கெடவேண்டாம் என்றது. இன்னொரு தரப்பு, மக்கள் கேட்பதே இதுதான், உரிமத்தை விரைவாக வாங்கி இதையே முறைப்படுத்தலாம் என்றது. மூன்றாவது வழி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மைய வங்கியிடம் நாமே போய்ச் சொல்வது.

அனுப்பிய சபைகளிலிருந்து தொலைபேசியில் பேசியவர் கோபப்பட்டார். சகோதரர்மேல் நம்பிக்கை இல்லையா என்றார். நம்பிக்கையைப் பற்றி அவருக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டினோம். 1995-ல் அமெரிக்காவில் நியூ இரா என்ற அறக்கட்டளை திவாலானது. ஆறு மாதத்தில் பணம் இரட்டிப்பாகும் என்ற வாக்கை நம்பிக் கிறிஸ்தவ நிறுவனங்கள் பல அதில் பணம் போட்டிருந்தன. ஒருவர் சேர்ந்திருக்கிறாரே என்று அடுத்தவர் சேர்ந்தார்.

முடிவைத் திருப்பியவர் உள்ளூர் உறுப்பினர் ஒருவர். அவர் 2 கொரிந்தியர் 8-ஐ எடுத்துக் காட்டினார். எருசலேமுக்கான தர்மப் பணத்தைக் கொண்டுபோகும்போது பவுல் தனியாகப் போகவில்லை, சபைகள் தேர்ந்த ஆட்களைக் கூட அனுப்புகிறார். தேவனுக்கு முன்பாக மட்டுமல்லாமல் மனிதருக்கு முன்பாகவும் ஒழுங்காக இருக்கவேண்டும் என்று காரணமும் சொல்கிறார். “பவுலுக்கே இரண்டாவது ஆள் வேண்டியிருந்ததே, நம் பாஸ்டரை மட்டும் ஏன் தனியாக விட்டோம்?” என்றார். அறையில் அதற்குமேல் வாதம் எழவில்லை. பழி போதகர்மேல் போகாமல் எங்கள்மேல் வந்து நின்றதும் அந்தக் கேள்வியால்தான்.

மூன்றாவது வழியையே எடுத்தோம். பெட்டியில் குறைந்திருந்த தொகையைக் குழு உறுப்பினர்கள் தங்கள் கையிலிருந்து போட்டார்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, நோட்டைக் காட்டி, எண்ணிக் கொடுத்துக் கைநாட்டு வாங்கினோம். ஒரு நாள் முழுக்க ஆனது. பணத்தை வாங்கிக்கொண்டவர்களில் யாரும் மகிழ்ச்சியாகப் போகவில்லை. இனி எங்கே வைப்பது என்று கேட்டார்கள். மைய வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து உரிம விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றோம். எச்சரிக்கைக் கடிதம் வந்தது, தண்டம் விதிக்கவில்லை. நாமாகப் போய்ச் சொன்னது உதவியது என்று நினைக்கிறேன்.

பின் நடந்தது

இனி எங்கே வைப்பது என்ற கேள்விதான் மீதி இரண்டு ஆண்டின் வேலை ஆனது. 1810-ல் ஸ்காட்லாந்தின் ரத்வெல் கிராமத்தில் ஹென்றி டங்கன் என்ற சபைப் போதகர் ஏழைகளுக்காகச் சேமிப்பு வங்கி தொடங்கினார். 10 பவுண்டுக்குக் குறைந்து வங்கிகள் கணக்குத் திறக்காத காலத்தில் 6 பென்ஸ் இருந்தாலே வாங்கினார். சேர்ந்த பணத்தை அவர் கடனாகக் கொடுக்கவில்லை, பெரிய வங்கி ஒன்றில் போட்டு வட்டி வாங்கிக் கொடுத்தார். எங்கள் அறிக்கையில் இடம்பெறாத முன்னுதாரணம் இது.

நாங்கள் எடுத்துக்கொண்ட முறை, 1991-ல் நைஜரில் கேர் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிய கிராமச் சேமிப்புக் குழு முறை. பதினைந்து முதல் இருபத்தைந்து பேர் தாங்களே சேர்ந்த குழு. வெளிப்பணம் ஒரு காசும் கிடையாது. வாரந்தோறும் ஆளுக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம், சிற்றேட்டில் பங்குக்கு ஒரு முத்திரை. சேர்ந்த பணத்திலிருந்து தங்களுக்குள்ளேயே சிறு கடன். ஆண்டு முடிவில் வட்டியோடு பிரித்துக்கொண்டு கணக்கை மூடுவது. உறுப்பினர்கள் தங்களுக்குள் மட்டும் நடத்துவதால் அந்நாட்டில் இதற்கு உரிமம் தேவையில்லை. அதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டோம்.

பெட்டிதான் பார்க்கத் தக்கது. உள்ளூர்க் கொல்லர் அடித்த தகரப் பெட்டி, மூடியில் வரிசையாக மூன்று பூட்டு. மூன்று சாவி மூன்று பெண்களிடம், பெட்டி நாலாவது ஆளின் வீட்டில். கூட்டத்தில் மூவரும் வந்தால்தான் திறக்கும். இருவர் சத்தமாக எண்ணுவார்கள். பூட்டுவதற்கு முன் தலைவி இருப்புத் தொகையைச் சொல்ல, எல்லோரும் அதை மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். அடுத்த வாரம் பெட்டியைத் திறக்குமுன் “போன வாரம் எவ்வளவு?” என்று கேட்பார் தலைவி. படிக்கத் தெரியாத பாட்டிகள்தான் முதலில் சொல்வார்கள். முப்பது ஆண்டு தணிக்கையில் இதைவிட நல்ல உள்கட்டுப்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

எல்லாம் நன்றாக நடக்கவில்லை. தொடங்கிய பதினான்கு குழுக்களில் மூன்று முதல் ஆண்டிலேயே கலைந்தன, அதில் ஒன்று உள்சண்டையில். ஒரு பெட்டி பூட்டோடு திருடுபோனது. அதன்பின் தொகை கூடும்போது உரிமம் பெற்ற வங்கியில் குழுவின் பெயரில் கணக்கு வைத்து, மூன்று கையெழுத்தில் எடுப்பது என்று ஏற்பாடானது. வங்கிக் கிளை தொலைவு, போய்வரும் செலவு குழுவுக்கு உறுத்துகிறது, மாதம் ஒருமுறைதான் போகிறார்கள். மிக வறியவர்கள் வாரம் ஒரு பங்கும் வாங்க முடியாமல் வெளியிலேயே நின்றார்கள். அவர்களுக்கு இந்த முறை எதுவும் செய்யவில்லை.

பழைய கடன்களில் திரும்பியதை வாங்கி, மீதியை வாராக்கடனாகத் தள்ளிக் கணக்கை மூடினோம். யாருக்குத் தள்ளினோம் என்ற பட்டியலை ஊரில் படிக்கவில்லை. ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு இது தெரிந்தபோது கசப்பு வந்தது, அது நியாயமான கசப்பு. குழுவில் நால்வர் திரும்பிப் போனார்கள். வங்கிக்காகக் காணிக்கை கொடுத்தவர்களுக்கு நடந்ததை ஆறு பக்கத்தில் எழுதி அனுப்பினோம். சிலர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், செலவழியாத பங்கு கொடுக்கப்பட்டது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மறுபடி ஒரு குழு என்னிடம் வந்தால், முதல் ஆண்டு கடன் என்ற சொல்லையே எடுக்காதீர்கள் என்பேன். பணத்தை இப்போது எங்கே வைக்கிறீர்கள், அதற்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். அட்டை நம் கண்முன் நீட்டப்பட்டது. நாம் அதைப் பார்த்து அட்டைக்காரர்மேல் கோபப்பட்டோம்.

உரிமம் கேட்பதற்கு முன்பே சொந்தக்காரர் யார் என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். நட்டம் வந்தால் யார் பணம் போகும் என்பதும் அதே காகிதத்தில். சபையில் பொறுப்பில் இருப்பவரிடம் கடன் வசூலைக் கொடுக்கவே கூடாது. அவர் நல்லவராக இருந்தால் வசூல் கெடும், கண்டிப்பானவராக இருந்தால் சபை கெடும். விண்ணப்பம் வாங்கும் இடமும் சபைக் கட்டடமாக இருக்கக்கூடாது. பிற மதத்தவர் கூச்சமில்லாமல் வந்து உட்காரக்கூடிய மரநிழல் போதும். தணிக்கைக்குப் போகிறவர் முதலில் ரொக்கத்தை எண்ணட்டும், யார் வீடாக இருந்தாலும். இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

ஒன்றில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. அந்த இரும்புப் பெட்டியிலிருந்து பணம் கொடுக்காமல் இருந்திருந்தால் பிரசவத்துக்குப் போன பெண் பிழைத்திருப்பாரா என்பது. போதகரிடம் அதைக் கேட்டேன். இப்போது ஒவ்வொரு குழுவிலும் ஆபத்துக்கென்று தனிப் பையில் வாரம் ஒரு சிறு தொகை சேர்கிறது, எடுப்பதற்குக் கூட்டத்தின் சம்மதம் வேண்டும். அந்த விதியை எழுதியது அவர்தான்.

நான் கடைசியாகப் போனபோது இரண்டாவது ஊரின் குழுக்கள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்ய விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். போதகர் பெயர் இல்லை, எங்கள் குழுவினர் யார் பெயரும் இல்லை. பழந்துணிக் கடை அம்மா பொருளாளர். பெட்டியின் சாவி ஒன்றை நினைவாக எனக்குத் தரமுடியுமா என்று விளையாட்டாகக் கேட்டேன். மற்ற இரண்டு சாவிக்காரர்களையும் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.